நாணற்குப்பத்தாரின் கிணற்றுக் கயிறு

“தாகத்துக்கு எந்த ஊர்னு கேட்டா...” என்று தொடங்குவார், கருவேலங்குடி ஊர்ச்சபையின் பழைய தலைவர். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது இப்போதைய தலைவர் மாசிலாமணிக்கு நினைவில்லை. பின்பாதி வரும்போதெல்லாம் சபையில் யாராவது இருமித் தொலைத்திருக்கிறார்கள்.

அது வல்லபராய ராஜா ஆற்றுச் சீமை ஒன்றை ஆண்டுவந்த காலம். ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மறப்பார். வேடிக்கையாகச் சொன்னதை மட்டும் மறக்கமாட்டார்.

அந்த ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. நாணற்குப்பம் முழுசாக முழுகிப்போக, அறுபது குடும்பங்கள் சட்டி பானையோடு கருவேலங்குடிச் சந்தைக் கொட்டகையில் வந்து ஒண்டின. பத்து நாளில் அரண்மனைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ராஜாவும் பரிவாரத்தோடு அதே ஊருக்கு வந்து சாவடியில் இறங்கினார்.

கருவேலங்குடி மேட்டு ஊர். குடிதண்ணீருக்கு ஒரே கிணறு. வீட்டுக்கு ஒரு கயிறு என்று சபை கொடுக்கும். ஒருவர் கயிற்றை இன்னொருவர் தொடக்கூடாது, இறைத்ததைப் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. ‘இவ்வூரில் வீடு உள்ளவர்க்கே கயிறு’ என்று ராஜாவின் பாட்டனார் செப்பேட்டில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

மாசிலாமணி சாவடிக்குப் போனார்.

“மகாராஜா, கொட்டகைப் பிள்ளைகள் வெள்ளத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் கிடக்கின்றன. கயிறு கொடுக்க உத்தரவு வேண்டும்.”

சொக்கப்பர் முந்திக்கொண்டார். ராஜாவின் காதோரமே குடியிருப்பவர் அவர். மாசிலாமணியை ராஜா ஒருமுறை ‘கெட்டிக்காரர்’ என்று சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

“இன்றைக்குக் கயிறு கேட்பார்கள், நாளைக்குக் கிணற்றையே கேட்பார்கள். தங்கள் ஊர்ச்சபையில் போய்க் கேட்கட்டும்!”

“அவர்கள் ஊர் ஆற்றுக்கடியில் இருக்கிறது, ஐயா.”

“அப்போது மீனிடம் கேட்கட்டும்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “தலைவரே, செப்பேட்டை மீறாமல் கயிறு கொடுக்க நாளை உச்சிப்பொழுதுக்குள் வழி சொல்லும். இல்லையென்றால் அறுபது குடும்பமும் நாட்டெல்லை தாண்டிப் போகட்டும். உமக்கும் தலைமை கிடையாது.”

வெளியே நாணற்குப்பத்துப் பொன்னுருவி, துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்றாள். “ராசா என்னண்ணே சொன்னாரு?”

“நாளை உச்சிவரைக்கும் பொறுத்துக்கம்மா.”

“நான் பொறுப்பேன். புள்ள பொறுக்கணுமே.”

மாசிலாமணி சாவடி வாசலுக்குத் திரும்பினார். அரண்மனையிலிருந்து வண்டியில் வந்த மூன்று தண்ணீர் அண்டாக்களை விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டு ‘டங்’ என்றன. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் உச்சிவேளை. புளியோதரையில் மிளகாய் தூக்கல். ராஜாவுக்கு விக்கல் பிடித்தது. மூன்றாவது அண்டாவும் காலி. கிணற்றுக்கு ஓடிய சேவகனை மாசிலாமணி தடுத்து நிறுத்தினார். ராஜாவே இறங்கி வந்துவிட்டார்.

“என்ன திமிர் - ஹிக் - உமக்கு!”

“செப்பேடு, மகாராஜா. இவ்வூரில் தங்கள் வீடு எது? சாவடி ஊர்ச்சபையுடையது.”

சொக்கப்பர் துள்ளினார். “மூடா! இந்த நாடே மகாராஜாவின் வீடு! எங்கே கால் வைத்தாலும் அது அவர் வீட்டுக் கூடம்!”

“ஊரார் காதில் விழவில்லை ஐயா. இன்னொரு தரம் சொல்லுங்கள்.”

சொக்கப்பர் நெஞ்சை நிமிர்த்தி இன்னும் உரக்கச் சொன்னார்.

“நாடு முழுக்க ஒரே வீடு என்றால், நாணற்குப்பமும் அதில் ஓர் அறைதானே? அடுக்களை ஒழுகினால் பிள்ளைகள் கூடத்துக்கு வந்து படுக்கும். ‘நீ எந்த வீட்டுப் பிள்ளை’ என்று எந்தத் தகப்பன் கேட்பான்? அவர்கள் இன்னும் தங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை, மகாராஜா. தாண்டச் சொன்னது தாங்கள்தான்.”

ராஜாவுக்கு விக்கல் நின்றுபோயிற்று. முதல் குடம் பொன்னுருவியின் பிள்ளைக்குப் போனது. ராஜா இரண்டாவதில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“சொக்கப்பரே, வீட்டை அளந்து சொன்னவர் நீர். கயிறு திரித்து முடியும்வரை கொட்டகைக்குத் தண்ணீர் சுமப்பதும் உம் வேலை.”

பிறகு முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். மாசிலாமணி வாங்கவில்லை.

“கயிறு யாருக்கு என்பதை இனி ஊர்ச்சபையே முடிவு செய்யட்டும், மகாராஜா. அரண்மனைக்கு ஓலை போய்த் திரும்புவதற்குள் பிள்ளைகள் காய்ந்துவிடும்.”

“அப்படியே ஆகட்டும்.”

மாலையில் சபை கூடியது. “கோடையில கிணறு வத்திப்போனா?” என்று ஒரு குடியானவர் கேட்டார்.

“ஆத்தங்கரைச் சனம் நாங்க. ஊத்துத் தோண்டியே வளந்தவங்க,” என்றாள் பொன்னுருவி. “கோடைக்குள்ள ரெண்டாவது கிணறு வெட்டித் தர்றோம்.”

யாரோ இருமினார்கள். அது அடங்கும்வரை நின்றிருந்து, மாசிலாமணி முடிவைச் சொன்னார்: அறுபது குடும்பத்துக்கும் அறுபது கயிறு, வீடு கட்டிக்கொள்ள மேய்ச்சல் நிலத்தின் மேட்டுப்பகுதி, சபையில் நாணற்குப்பத்தாருக்கு இரண்டு இடம்.