கேப்டனோட கிழிஞ்ச சாக்ஸ்

நம்ம கிரிக்கெட் டீம் கடல் தாண்டி மலேசியாவுக்குப் போயி பதினோரு மேட்ச் ஆடி, பதினொண்ணும் ஜெயிச்சிருச்சு. கேப்டன் தணிகாசலத்தைக் கையில பிடிக்க முடியல!

துணி துவைச்சு, மூட்டை தூக்குற சன்னாசி கேட்டாரு: "கேப்டன், கோப்பையோட போட்டோ எடுக்கறப்ப நானும் ஓரமா நின்னுக்கவா?"

"யோவ், ஜெயிச்சது என் திறமை! இந்த டூர்ல என்னை ஒருத்தனும் அவுட்டாக்கல. நாளைக்கு நீ ஒரே பந்துல அவுட்டாக்கு, உன்னை நடுவுல நிக்க வைக்கிறேன்."

"சரிங்க. ஆனா சட்டப்படி ஆடணும். மூணு நிமிஷத்துல வந்து நிக்கலைன்னா அவுட்டுதான்."

"மூணு நொடியில வர்றேன்யா!"

மறுநாள் சன்னாசி பந்தோட நிக்கிறாரு, அம்பயர் கடிகாரத்தைப் பாக்குறாரு, கேப்டனைக் காணோம். உள்ளேயிருந்து ஒரே கூச்சல்: "என் சாக்ஸ் எங்கய்யா?"

முதல் மேட்ச்லருந்து ராசின்னு துவைக்கவே விடாம போட்டுக்கிட்டிருந்த கிழிஞ்ச சாக்ஸ் அது.

"தொவைச்சுக் கொடியில போட்டிருக்கேன் கேப்டன். வேற ஜோடி வச்சிருக்கேனே, உங்க திறமைக்கு எந்த சாக்ஸா இருந்தா என்ன?"

"ஐயையோ, ராசி போச்சே! அது இல்லாம மட்டையைத் தொட மாட்டேன்!"

அம்பயர் விரலைத் தூக்கிட்டாரு. பந்து இன்னும் சன்னாசி கையிலயே இருக்கு.

அந்தப் போட்டோவைப் பாருங்க: நடுவுல கோப்பையோட சன்னாசி, பக்கத்துல ஈர சாக்ஸைப் பிழிஞ்சுக்கிட்டு நம்ம கேப்டன்.