ஒரு பிடி மண் பாக்கி

மொட்டைப்பாறை மடத்துக்குப் பின்னால் சரிவேறிப் போனால் பாறை இரண்டாகப் பிளந்திருக்கிறது. பிளவு ஆள் உயரம். அகலம்தான் கம்மி. ஒல்லியான ஆள் ஒருக்களித்து நுழைந்தால் உள்ளே போய்விடலாம். உள்ளே ஒரு குகையும் சுனையும் இருப்பதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.

உள்ளே போகிறவர் தன் எடைக்குச் சமமாக ஒரு கல்லைப் பிளவின் வாசலில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் அதை அவரே உருட்டித் தள்ளிவிடலாம். மடத்து வழக்கம் அது. வாசலில் சில கற்கள் பாசி பிடித்து நின்றன. அந்தக் கற்களுக்கு உரியவர்களுக்கு இப்போது யாரும் சோறு வைப்பதில்லை. வைத்தால் எடுக்க உள்ளேயிருந்து கை வருவதில்லை.

பாசி ஏறாமல் நின்ற கல் ஒன்றுதான். அது செங்கோடனுடையது.

செங்கோடனின் அப்பா அர்த்தநாரி வெல்ல மண்டி முதலாளி. மண்டித் தராசில் அவர் ஏறினால் மறுதட்டுக்கு வெல்ல மூட்டை பற்றாது என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சாப்பாட்டில் அவருக்கு வெட்கம் கிடையாது. ஆனால் மகன் வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் சாப்பிடுவது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இலையில் உட்கார்ந்தவனைப் பார்த்து, “தண்டச்சோறு” என்றார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். பல பிள்ளைகள் அதையும் சேர்த்தே விழுங்கிவிடுவார்கள். இவன் கையை உதறி எழுந்தான். மடத்துக்கு வந்து கல்லை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

அர்த்தநாரி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது கல்தான் இருந்தது. பிளவில் வாய் வைத்து, வந்துவிடு கண்ணு என்று தொண்டை வற்றக் கூப்பிட்டார்.

மடத்துக்குத் தலைமை நாச்சாயி அம்மை. அர்த்தநாரியைவிட வயதில் இளையவர்.

“அவனை வெளிய கூப்பிடுங்கம்மா” என்றார் அர்த்தநாரி.

“உள்ள போனவங்களை நான் கூப்பிடறதில்லைங்க.”

“அப்ப நான் உள்ள போறேன்.”

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போங்க, மண்டிக்காரரே. ஆனா உங்க பையன் கல்லுக்குச் சமமா இளைச்சு வாங்க. அப்பத்தான் வாசல் விடும்.”

மடத்தில் விறகு நிறுக்கிற பெரிய தராசு ஒன்று உண்டு. ஒரு தட்டில் அர்த்தநாரி உட்கார்ந்தார். மறுதட்டில் செங்கோடன் கல்லை வைத்தார்கள். கல் அந்தரத்தில் நின்றது. அதன் மேல் ஆற்று மணலைக் கூடை கூடையாகக் கொட்டிய பிறகுதான் தராசு நேரானது. அந்த மணல் முழுவதும் போக வேண்டும். அன்றைக்கே அர்த்தநாரி அம்மைக்குச் சீடரானார்.

மடத்தில் அவரவர் பங்குச் சோறு அவரவர்க்கு. அர்த்தநாரி தன் பங்கில் ஒரு கவளம் மட்டும் சாப்பிட்டார்.

“மிச்சத்துல ஒரு பிடியை உங்க பையனுக்கு வைங்க. ஒரு பிடி போதும்” என்றார் அம்மை.

“சரிங்க” என்றார் அர்த்தநாரி.

சரி என்றாரே தவிர, பெற்ற மனம் கேட்கவில்லை. மிச்சம் முழுவதையும் கொண்டுபோய்ப் பிளவின் விளிம்பில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. முழங்கை வரை வந்தது. விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. மணிக்கட்டில், சிறு வயதில் வெல்லப்பாகு தெறித்த தழும்பு. கை சோற்றை அள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனது. அர்த்தநாரி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாளிலிருந்து மண்டியில் சொல்லி அச்சு வெல்லமும் நெய்யும் வரவழைத்துச் சோற்றோடு சேர்த்து வைத்தார். தண்டச்சோறு என்று சொன்ன வாய்க்கு அதுதான் பரிகாரம் என்று நினைத்தார்.

முதல் பௌர்ணமிக்குத் தராசில் ஏறியபோது கூடை கூடையாக மணலை எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த பௌர்ணமிக்கும் அப்படியே. எடுத்த மணலை அம்மை ஒரு சாக்கில் போட்டு வைக்கச் சொன்னார். அர்த்தநாரிக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டியது. இப்படியே போனால் ஆடிக்குள் மகனைப் பார்த்துவிடலாம் என்று சந்தோஷப்பட்டார்.

அப்புறம் கூடை கிண்ணமானது. கிண்ணம் பிடியானது. கடைசியில் கல்லின் மேல் ஒரு பிடி மணல் மட்டும் மிஞ்சியது. ஒரு பௌர்ணமி போய் அடுத்த பௌர்ணமி வந்தது. அந்த ஒரு பிடி அப்படியே இருந்தது.

“ஏனுங்கம்மா, அன்னிக்குக் கூடை கூடையாப் போச்சு. அதே ஒரு கவளந்தான் இன்னிக்கும் திங்கறேன். இந்த ஒரு பிடி ஏன் போக மாட்டேங்குது?”

அம்மை மணல் சாக்கைக் காட்டினார். “இதைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் ஏறுங்க.”

அர்த்தநாரி சாக்கைத் தோளில் ஏற்றினார். பாதிச் சரிவில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“முன்னெல்லாம் இதையும் சுமந்துட்டுத்தான் தினமும் ஏறினீங்க” என்றார் அம்மை. “உட்கார்ந்தாலும் படுத்தாலும் இது கூடவே இருந்துச்சு. இதைச் சுமக்கறதுக்கே உடம்பு நெறையச் செலவழிச்சுது. அந்த ஆள் இப்ப இல்லைங்க. இப்ப இருக்கற ஆளுக்குச் செலவு கம்மி.”

“அப்ப அரைக் கவளமாக் குறைச்சுக்கட்டுங்களா?”

“அதுக்கும் உடம்பு பழகிக்கும்.”

“இந்த ஒரு பிடி போனாப் போதுங்கம்மா.”

“ஏன் போகலைன்னே கேக்கறீங்க. போனதெல்லாம் எங்க போச்சுன்னு ஒருநாளும் கேக்கலை.”

அர்த்தநாரிக்குப் புரியவில்லை. “இந்தச் சாக்குலதானுங்களே இருக்குது?” என்றார். அம்மை இறங்கிப் போய்விட்டார்.

அன்று அர்த்தநாரி அரைக் கவளத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பிளவின் விளிம்பில் வைத்தார். கை வந்தது. தினமும் பார்க்கிற கைதான். பசி மயக்கத்தில் எழ முடியாமல் அன்று உட்கார்ந்தபடியே அதை உற்றுப் பார்த்தார். முழங்கை வரை வந்த கை இப்போது மணிக்கட்டோடு நின்றது. விரல்கள் தடித்து, விரலடியில் குழி குழியாக இருந்தது. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். மண்டியில் உட்கார்ந்து வெல்லம் உடைத்து ருசி பார்த்த கை அது. அவருடைய பழைய கை.

மணிக்கட்டைப் பார்த்தார். பாகு தெறித்த தழும்பு இருந்தது. சதை போட்டதில் அது இழுபட்டுப் பெரிதாகியிருந்தது.

“அப்பா” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். இத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவை. கட்டையான, சாவகாசமான குரல்.

“கண்ணு” என்றார்.

“எப்ப வர்றீங்க?”

“இன்னும் ஒரு பிடிதான் பாக்கி. வந்துருவேன் ராசா.”

“நேத்து நானே வெளிய வரலாம்னு பாத்தேங்கப்பா.” கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் கேட்டது. “வயிறு இடிக்குது.”

அர்த்தநாரி பிளவை நெருங்கிக் குனிந்தார். “உனக்கு எப்படா வெளிய வரணும்னு தோணுச்சு?”

“நீங்க சோறு வெச்ச அன்னிக்கே தோணுச்சு. நாளைக்கு வரலாம், நாளைக்கு வரலாம்னு இருந்தேன். சோறு நல்லா இருந்துச்சுங்கப்பா.”

அர்த்தநாரி எழுந்து ஒருக்களித்துப் பிளவுக்குள் நுழைந்தார். தோள் போனது. இடுப்பு போனது. குறுகின இடத்தில் விலா மாட்டிக்கொண்டது. மூச்சை விட்டுப் பார்த்தார், நகரவில்லை. இருட்டுக்குள் கையை நீட்டித் துழாவினார். மெத்தென்று ஒரு வயிறு தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக, மூச்சு விட்டுக்கொண்டு, பிளவை அடைத்தபடி நின்றது. ஆயுள் முழுக்கத் தான் தடவிக் கொடுத்த வயிறு. அவர் முகத்தில் வெல்ல வாசனையோடு மூச்சுக் காற்று பட்டது.

“நீங்களாப்பா?” என்றது குரல், காதுக்குப் பக்கத்தில். “எலும்பா இருக்கீங்களே.”

விலாவில் தோல் உரிய அவர் வெளியே வந்து விழுந்தார். விழுந்தடித்துக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

“முன்னமே சொல்லியிருக்கலாங்களே அம்மா.”

“ஒரு பிடின்னு சொன்னேன்.”

அர்த்தநாரி தலையில் அடித்துக்கொண்டார். “என் பாவம் தீரட்டும்னு வெச்சேன். அவன் மேல ஏத்திட்டேனே.”

அம்மை சோற்றுக் குண்டானையும் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். அர்த்தநாரி பின்னால் போனார். அம்மை பிளவுக்கு எதிரே இலையைப் போட்டு அவரை உட்கார வைத்தார். விளிம்பில் ஒரு பிடி சோறு வைத்தார். மீதி அத்தனையையும் அர்த்தநாரி இலையில் பரிமாறினார்.

“உங்க பங்கை நீங்க சாப்பிடுங்க.”

“இதைச் சாப்பிட்டா நான் உள்ள போகவே முடியாதுங்களே.”

“ஆமாங்க.”

அர்த்தநாரி சோற்றில் கை வைத்தார். மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு அந்த வாசனைக்கு நடுங்கியது. அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. முதல் கவளத்தை விழுங்கினார்.

கை வந்தது. ஒரு பிடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. உடனே திரும்ப வந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தது. பிறகு உள்ளங்கையை மேலே காட்டியபடி விரிந்து நின்றது.

“அப்பா, இவ்வளவுதானா?”

அர்த்தநாரிக்கு இலையைத் தூக்கி அந்தக் கையில் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. அம்மை பக்கத்திலேயே நின்றார். அர்த்தநாரி அடுத்த கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டார். கண்ணீர் இலையில் விழுந்தது.

“அப்பா, சாப்பிடறீங்களா?” என்றது குரல். கை விரிந்தபடியே இருந்தது.

அர்த்தநாரி அம்மையை நிமிர்ந்து பார்த்தார். “எப்ப இளைச்சு வெளிய வருவான் அம்மா?”

“ஆரம்பத்துல சீக்கிரம் இளைப்பான்” என்றார் அம்மை.

அர்த்தநாரி அந்த ஒரு பிடி மணலை நினைத்துக்கொண்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.