முகப்பில் முதலில் எது

புஸ்... டக். புஸ்... டக்.

மாடிப்படியின் இருட்டில் ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிடும். பெரிய உருவம் ஒன்று படுத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடுவதுபோல. கதவைத் திறந்தால்தான் தெரியும், அது மனுஷ மூச்சு இல்லை என்று. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்கள் சுவரோரம் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நுரையீரல் பழுதானவர்களின் வீடுகளுக்கு இந்த மெஷின்களை இலவசமாகக் கொடுத்தனுப்பும் அறக்கட்டளை அது. ராஜபாளையத்தில் இருந்தது. நடத்துகிறவர் ரெஜினா. முன்பு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

அவரிடம் வலைத்தள வேலை கற்க வந்த பூவலிங்கம் அவரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தே தலை நரைத்தவர். அச்சகம் மூடிப்போன பிறகு அவரை இங்கே கொண்டுவந்து விட்டது அறக்கட்டளையின் தலைவர் சோலைராஜா.

பழைய வலைத்தளத்தைக் கட்டிக்கொடுத்த ஆள் வெளிநாடு போய்விட்டார். அதில் ஓர் எழுத்தைக்கூட வேறு யாராலும் மாற்ற முடியவில்லை. அறக்கட்டளையின் போன் எண் மாறியது, தளத்தில் மாறவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் மெஷின் நின்றுபோனது. அந்த வீட்டுக்காரர்கள் தளத்தில் இருந்த செத்த எண்ணுக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரும் தீர்ந்தது. மாற்று மெஷின் போய்ச் சேரவே இல்லை.

துக்கம் கேட்டுவிட்டு வந்த அன்றே டீச்சர் முடிவெடுத்தார். புது மென்பொருள். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே யார் வேண்டுமானாலும் எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பழைய தளத்திலிருந்து பக்கம் பக்கமாக இங்கே குடிபெயர்க்கும் வேலை பூவலிங்கத்துடையது. எல்லாம் வந்து சேர்ந்தது. முகப்பு மட்டும் பாக்கி.

ஒரு நாள் அதையும் முடித்து, திரையை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

மேலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் 'அன்புடையீர்'. அதற்குக் கீழே தலைவரின் காலஞ்சென்ற தகப்பனார், ஆசியுடன். பிறகு தலைவர், துணைத்தலைவர், செயலாளர், மூப்பு வரிசை தப்பாமல், படிப்போடு, படத்தோடு. எல்லோருக்கும் அடியில், பொடி எழுத்தில், ஒரு போன் எண்.

டீச்சர் கடைசி வரை தள்ளிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கல்யாணம் யாருக்கு?"

பூவலிங்கம் சிரிக்கவில்லை. "ஒரு பேரு விட்டுப்போனாலும் சண்டை வரும் டீச்சர். நான் எத்தனை பாத்திருக்கேன். மாமன் பேரை விட்டுட்டாங்கன்னு தாலி கட்டுற நேரத்துல பந்தலை விட்டுப் போனவங்க உண்டு."

"சரிதான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. முகப்புல முதல்ல எது வரணும்?"

டீச்சர் எழுந்தார். அலமாரியில் இருந்த ஜூஸ் டப்பாவிலிருந்து ஸ்ட்ராவைப் பிரித்துக் கொடுத்தார்.

"மூக்கைப் பொத்திக்கோங்க. இது வழியா மட்டும்தான் மூச்சு. கீழே இறங்கிட்டு மேல வாங்க."

"என்ன டீச்சர் இது, பள்ளிக்கூடத்துத் தண்டனையா?"

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

போனார். வந்தார். வரும்போது முகம் சிவந்து, கண் பிதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ட்ராவில் விசில் மாதிரி சத்தம் வந்தது.

"கையை எடுக்காதீங்க. இப்ப உங்க வீட்டு மெஷின் நின்னுபோச்சு. உங்க தளத்தைத் திறந்து எங்கிட்ட சொல்லுங்க."

ஒரு கை மூக்கில். இன்னொரு கையின் கட்டைவிரல் போனில். குத்துவிளக்கு போனது. அன்புடையீர் போனது. தகப்பனார் போனார். தலைவர் வந்தார். துணைத்தலைவர் வந்தார். பூவலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. செயலாளர் எம்.ஏ., பி.எட். போகவே மாட்டேன் என்றார். கடைசியில் எண். அழுத்தினார்.

டீச்சரின் கையில் போன் அடித்தது.

"ஹலோ, யாரு பேசுறது?"

பூவலிங்கம் வாயைத் திறந்தார். ஸ்ட்ரா கீழே விழுந்தது. வார்த்தை வரவில்லை.

"ஹலோ, சொல்லுங்க. எந்தத் தெரு? காது கேக்கலை." டீச்சர் இணைப்பைத் துண்டித்தார்.

பூவலிங்கம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"பேசவே முடியாதவங்களுக்குப் போன் நம்பர் எதுக்கு டீச்சர்?" என்றார்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? இப்பதான அவங்களா இருந்துட்டு வந்தீங்க."

அன்று அவர் வீட்டுக்குப் போகும் முன் குத்துவிளக்கு இரண்டையும் தன் கையாலேயே அழித்தார்.

புது முகப்பில் பெரிதாக ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். 'மெஷின் ஓடல'. மெஷின் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு அனுப்பினார்கள். அதைத் திறந்து பொத்தானை அமுக்கினால் போதும், எந்த வீடு என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். பேச வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. கீழே, புதிதாக மெஷின் கேட்பவர்களுக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் உள்ளே.

காலையில் பழைய தளத்தை மூடி, புதியதைத் திறந்துவிட்டார்கள். மதியம் பார்வையிட வந்தார் சோலைராஜா. திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்பா போட்டோ எங்க?"

"உள்ள இருக்கு ஐயா. 'எங்களைப் பற்றி'ங்கிற பக்கத்துல," என்றார் பூவலிங்கம்.

"உள்ளயா? இடத்தைக் கொடுத்ததே அவருதான்யா. கட்டடத்துக்கு வாசல்ல வைக்காம அடுக்களைலயா வைப்பீங்க?"

சோலைராஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நினைச்சா மாத்தலாம்னுதான இந்தப் புதுசு வந்துச்சு? மாத்து. இப்பவே."

பூவலிங்கத்தின் கை மவுஸின் மேல் இருந்தது. இந்த நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷ வேலைதான் ஐயா," என்றார் பூவலிங்கம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா நான் மாத்த மாட்டேன்."

"என்னது?"

விளக்கு மங்கியது. மின்விசிறி தள்ளாடி நின்றது, பிறகு வெறி பிடித்ததுபோலச் சுற்றியது. வோல்டேஜ் எகிறி அடங்கியது. தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள்.

கணினியிலிருந்து மணி ஒலித்தது. திரையில் ஒரு வரி வந்து நின்றது. மெஷின் ஓடல. முத்துக்கருப்பாயி, வடக்குக் கிணற்றுத் தெரு.

"சும்மா தொட்டுப் பாத்திருக்கும். போன் போட்டுக் கேளுங்க," என்றார் சோலைராஜா.

டீச்சர் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். எடுத்துவிட்டார்கள். ஆனால் பேச்சு இல்லை. ஈரத் துணியை இழுப்பதுபோல ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பின்னால் யாருமில்லாத வீட்டின் அமைதி.

"அம்மா, தெரிஞ்சுபோச்சு. பேச வேணாம். சிலிண்டரைத் திறந்து வச்சுக்கோங்க. வந்துட்டே இருக்கோம்," என்றார் டீச்சர்.

சோலைராஜா எழுந்தார். ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினை நிறுத்தி, வயரைச் சுற்றி, தானே தூக்கினார். பூவலிங்கம் மறுபக்கம் பிடித்தார். இருவருமாகப் படியில் இறக்கினார்கள். மெஷின்களை வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் மைதீன் வண்டியை உறுமவிட்டுத் தயாராக நின்றிருந்தார். சோலைராஜா மெஷினோடு ஏறிக்கொண்டார்; பூவலிங்கம் அலுவலகத்துக்குத் திரும்பினார்.

மாலையில், மொட்டைமாடிக் குழாயடியில் டீச்சர் மெஷின்களின் பில்டர்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். பூவலிங்கம் பக்கத்தில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து நின்றதும் கீழே ஓடினார்.

"என்னாச்சு மைதீன்?"

"பெரிய ஐயா அங்கிருந்து நேரா தன் வீட்டுக்குப் போயிட்டாரு. மெஷினு ஜம்முன்னு ஓடுதுண்ணே! சிலிண்டரு தீருறதுக்கு முன்னாடியே மாட்டியாச்சு. நான் கிளம்பும்போது அந்தம்மா உக்காந்து என்னைக் காப்பி குடிக்கச் சொல்லிட்டு இருக்கு!"

பூவலிங்கம் மைதீனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாடியைப் பார்த்து "போய்ச் சேந்துருச்சு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தளத்தைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"கேட்டேன்ணே. எங்க அண்ணாச்சி கட்டின தளம் எப்படி இருக்குன்னு. எந்தத் தளம்னுச்சு. ஒரு பட்டனை அமுக்கினேன், நீங்க வந்துட்டீங்க, வேற ஒண்ணும் நான் பாக்கலையேன்னுச்சு."

பூவலிங்கத்தின் முகம் வாடியது. டீச்சரிடம் வந்தார்.

"பாத்தீங்களா டீச்சர். எந்தத் தளம்னு கேக்குறாங்க."

டீச்சரின் கை நின்றது.

"அப்படியேவா கேட்டாங்க? எந்தத் தளம்னு?"

"அப்படியேதான்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணாச்சி."

டீச்சர் அடுத்த பில்டரை எடுத்துப் பிழிந்து, கொடியில் போட்டார்.