கீழே விழுந்த மாம்பழத்தின் வழக்கு

முன்னொரு காலத்தில், மாம்பழம் என்றால் உயிரையே விடும் ராஜா ஒருவர் இருந்தார். அந்த வருஷத்து முதல் பழத்தை மேன்மாடத்தில் நின்று முகர்ந்துகொண்டிருந்தபோது அது கை நழுவி, முற்றத்துக் கல்தரையில் விழுந்து கூழாகிவிட்டது. அவ்வளவுதான், அன்றைக்குச் சபையில் வேறு வழக்கே எடுக்கவில்லை.

"பழம் உடைந்தது எதன் குற்றம்? விழுந்ததன் குற்றமா, தரையின் குற்றமா?" என்று கேட்டார்.

ராஜாவின் கையைக் குற்றம் சொல்ல அங்கே யாருக்கு இரண்டு தலை இருக்கிறது? பிரதானி கொழுந்தப்பர் முந்திக்கொண்டார். அந்த முற்றத்துக்குக் கல் பாவியதே அவர்தான்.

"விழுந்ததுதான் குற்றம், மகாராஜா. தரை பாவம், அது பாட்டுக்குக் கிடந்தது."

அரண்மனை விகடன் நல்லப்பனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "மகாராஜா, விழுந்துகொண்டிருந்த வரைக்கும் பழம் முழுசாகத்தான் இருந்தது. அடியேன் கண்ணால் கண்டேன். தரை சட்டென்று நிறுத்திய பிறகுதான் உடைந்தது. விழுவதால் ஒருவனும் சாவதில்லை. சட்டென்று நிற்பதால்தான் சாகிறான்."

நல்லப்பன் பேசினால் ராஜா சிரிக்கிறார், தாம் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்று கொழுந்தப்பருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "அப்படியானால் நல்லப்பனே மேன்மாடத்திலிருந்து விழுந்து காட்டட்டுமே!" என்றார்.

"நல்ல யோசனை. நாளைக் காலையில் விழு," என்றார் ராஜா.

நுணலும் தன் வாயால் கெடும். ராஜாவின் சொல்லைத் தட்டினாலும் நல்லப்பனின் தலை போகும், தட்டாவிட்டாலும் போகும்.

மறுநாள் முற்றம் கொள்ளாத கூட்டம். மேன்மாடத்தில் ராஜாவின் பக்கத்தில் நின்று நல்லப்பன் கீழே எட்டிப் பார்த்தான். கொழுந்தப்பர் வேடிக்கை நன்றாகத் தெரியும்படி நடுமுற்றத்தில் நின்றார்.

"மகாராஜா, தங்கள் கட்டளை விழச் சொல்கிறது, விழுகிறேன். நிற்கச் சொல்லவில்லை. அந்த வேலையைப் பிரதானியார் செய்யட்டும். அங்கேயே நின்று, தரை செய்ததுபோல் என்னை நிறுத்தட்டும்."

"ஐயையோ, நான் நசுங்கிப் போவேன்!" என்றார் கொழுந்தப்பர்.

"ஏன் சுவாமி? குற்றமெல்லாம் விழுவதில் என்று தாங்களே சொன்னீர்கள். அதை முழுக்க நான் செய்கிறேன். வெறுமனே நிறுத்துவதில் தங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அவ்வளவு வேகத்தைச் சட்டென்று நிறுத்தினால் என் எலும்பு மிஞ்சுமா?"

"கேட்டீர்களா மகாராஜா? பிரதானியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்," என்றான் நல்லப்பன். அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

ராஜாவின் உதடு சிரிப்பில் துடித்தது. ஆனாலும் விடவில்லை. "நிறுத்தித்தானே ஆகவேண்டும்? வேறு எப்படி நிறுத்துவது?"

"தோட்டத்தில் பழம் பறிப்பவர்கள் செய்கிறார்களே மகாராஜா, ஒரு சாக்கு போதும்."

சாக்கு வந்தது. ஒரு பக்கம் காவல்காரன், மறுபக்கம் கொழுந்தப்பர். ராஜா தரும் பொருளை ஏந்தும் துணி தொய்யக் கூடாது என்பது அந்த அரண்மனை மரியாதை. கொழுந்தப்பர் அதைப் பறைத்தோல்போல் இழுத்துப் பிடித்தார். ராஜா சோதித்துப் பார்க்க மேலிருந்து போட்ட பழம் அதில் மோதிப் பிளந்து, சாறு பிரதானியாரின் மீசையெல்லாம் வழிந்தது.

"மரியாதையைக் கொஞ்சம் தளர்த்துங்கள் சுவாமி," என்று மேலிருந்து கத்தினான் நல்லப்பன். "விழ விழ வேகம் ஏறும். ஏறியதை மெல்லத்தான் இறக்க வேண்டும். பழம் பட்டதும் கையையும் அதோடு கீழே விடுங்கள்."

இரண்டாவது பழம் தொய்ந்த சாக்கில் புதைந்தது. கைகள் தாழ்ந்தன. எடுத்துப் பார்த்தால் காம்புகூடச் சிதையவில்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிழைத்தாய் நல்லப்பா, நீ விழ வேண்டாம்! இந்தப் பழம் காய்த்த மரத்தையே உனக்குத் தந்தேன்."

நல்லப்பன் கைகூப்பினான். "மகா பாக்கியம், மகாராஜா. மரத்தை மட்டும் இங்கிருந்து போட்டுவிடாதீர்கள். பிரதானியார் இன்னும் சாக்கை விடவில்லை."