பாலத்தில் சிக்கிய நெய்ப்பானைகள்

முன்னொரு காலத்தில் என்று தொடங்காவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றுக்கு இக்கரையில் ஒரு மன்னரும் அக்கரையில் இன்னொரு மன்னரும் ஆண்டுகொண்டிருந்தார்கள். இரு கரைச் சந்தைகளிலும் கலப்பட நெய் பெருகிப் போனதால், இருவரும் சேர்ந்து ஒரு பொதுக்காவலை ஏற்படுத்தியிருந்தார்கள். ஆற்றுப் பாலத்தின் நடுவே அதற்கு ஒரு சாவடி. புரட்டுக்காரன் எந்தக் கரைக்கு ஓடினாலும் காவலர்கள் இறங்கித் துரத்தலாம்.

இப்படியிருக்க, இக்கரை மன்னருக்குத் திடீரென்று எதையாவது சீர்திருத்த வேண்டும் என்ற ஆசை வந்தது. அக்கரை மன்னர் தம் யானைக் கொட்டாரத்தைச் சீர்திருத்திவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. அமைச்சர் வச்சிரவேலர் பொதுக்காவலைச் சீர்திருத்தலாம் என்று ஒரு வரைவை உடனே நீட்டினார். காவலர்கள் இனி நினைத்தபடி பாலத்தை விட்டு இறங்கக் கூடாது. எந்தக் கரையில் சோதனையோ அங்கே ஒரு வாரம் முன்பே முரசறைந்து நாள் சொல்லிவிட்டு, அந்த நாளில் மட்டும்தான் இறங்க வேண்டும். வணிகர் மனம் நோகலாமா என்று அவர் உருகினார்.

வரைவை ஆராயச் சபை கூடியது. முரசுக்கு ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்பதிலேயே ஒரு பகல் கழிந்தது. அரசவை விகடன் உத்தண்டி தூண் மறைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் நாள் கோயிலில் சாப்பிட்ட பொங்கலில் ஊற்றியிருந்த நெய் அவனை விடிய விடிய நடக்கவைத்திருந்தது. பின்னாளில் அவன் நாட்டுப்பற்றால் பேசினான் என்று சிலர் சொன்னார்கள். அவனுக்குத்தான் தெரியும், பேசியது வயிறு.

"திருடனுக்கு நாள் சொல்லிவிட்டுப் பிடிக்கப் போவதானால், கையோடு வெற்றிலை பாக்கும் வைத்து அழைத்துவிடலாமே, மன்னா" என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் உத்தண்டிக்கு மற்றது எதுவும் காதில் விழாது. அதனால் வச்சிரவேலர் எழுந்து சொன்னதும் பாதிதான் விழுந்தது. இந்த விதிகளை ஓர் எழுத்தும் மீறாமல், வரும் அமாவாசைக்குள் உத்தண்டியே ஒரு புரட்டுக்காரனைப் பிடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் பொதுக்காவலைக் கலைத்துவிட்டு இவனையும் நாடு கடத்தலாம் என்றார் அவர். போட்டி என்றால் மன்னருக்குக் கொள்ளை ஆசை. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

வீட்டில் மனைவி வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சிரிக்க வச்சமா வந்தமான்னு இருக்கக் கூடாதா? எதுக்கு அங்க போய் வாயக் குடுத்தீக?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். உத்தண்டியும் கூட உட்கார்ந்து மூட்டைக்குக் கயிறு தேடினான். வேறு ஊரில் போய் என்ன செய்வான்? ஏர் பிடிக்கத் தெரியாது, தறி தெரியாது. தடுக்கி விழத் தெரியும். அதற்குப் படியளக்கும் ஊர் இது ஒன்றுதான்.

மறுநாள் சாவடிக்குப் போய்க் காவலர்களிடம் புலம்பினான். அவர்கள் அவனுக்கு மேல் புலம்பினார்கள். முரசு கேட்டதும் இக்கரைச் சரக்கு அக்கரைக்குப் போய்விடும், அங்கே அறைந்தால் இங்கே வந்துவிடும், இனி நாங்கள் வெறும் பாலத்தைத்தான் காவல் காக்க வேண்டும் என்றார்கள். உத்தண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து ஒரு யோசனை வந்தது. தனக்கு யோசனை வருமென்று எதிர்பார்க்காதவன் ஆகையால், அது சரிதானா என்று காவலர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்கே இரண்டு கரைகளிலும் முரசு அறைந்தார்கள். இரண்டிலும் ஒரே நாள், ஒரே வேளை. ஒரு கரை முரசு மறு கரைக்குக் கேட்காது.

குறித்த நாள் காலையில் பாலத்தில் காவலிருந்த உத்தண்டி தூங்கிவிட்டான். கூச்சல் கேட்டுத்தான் எழுந்தான். குறுகலான அந்தப் பாலத்தின் நடுவே, சாவடி வாசலில், காவலர்கள் கரைக்கு இறங்கியிருப்பார்கள் என்று நம்பி வந்த இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே முட்டிக்கொண்டு நின்றன. இரண்டிலும் வைக்கோலுக்கு அடியில் பானைகள்.

"வண்டியப் பின்னால தள்ளுய்யா. இது யாரு சரக்குன்னு தெரியுமா? அமைச்சரோட மச்சினரு சரக்கு" என்றான் இக்கரை வண்டிக்காரன்.

"நான் மட்டும் யாரு சரக்க ஏத்திட்டு வாரேன்? இதுவும் அவரு சரக்குதான்" என்றான் அக்கரை வண்டிக்காரன்.

சொன்ன பிறகுதான் இருவரும் சாவடியைத் திரும்பிப் பார்த்தார்கள். காவலர்கள் பாலத்தை விட்டு ஓரடிகூட இறங்காமல் பானைகளைத் திறந்தார்கள். நெய் என்று பேர். வீசியது இலுப்பை எண்ணெய் வாடை.

வண்டிக்காரர்களைச் சபையில் நிறுத்தியதும் அமைச்சரின் மைத்துனரைச் சிறையிலடைக்க மன்னர் ஆணையிட்டார். வச்சிரவேலர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மன்னா, ஆராய்ந்து பார்த்ததில் இந்த வரைவில் பல குறைகள் தெரிகின்றன. அடியேனே இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார்.

உத்தண்டி ஓடிப்போய் மன்னர் காலில் விழுந்தான். வழக்கம்போலத் தடுக்கித்தான் விழுந்தான்.

"வேண்டாம் மன்னா. இத்தனை காலம் ஓடி ஓடிப் பிடிக்க முடியாத சரக்கு, அமைச்சர் பெருமான் விதித்தபடி சும்மா உட்கார்ந்ததும் தானே வந்து சேர்ந்தது. அடியேன் தூங்கிக்கொண்டே பிடித்தேன். இனி எப்போதும் இரு கரையிலும் ஒரே நாளில் முரசறைய வேண்டும் என்று ஒரு வரி மட்டும் சேர்த்து, இதை அப்படியே நிறைவேற்ற வேண்டும்."

மன்னர் அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாடு கடத்தும் பேச்சை அந்த இடத்திலேயே தள்ளிவிட்டு, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். பிறகு வரைவை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

முதலில் தூக்கியவர் வச்சிரவேலர்தான். தூக்காவிட்டால் ஏன் என்று சபை கேட்கும்.