காலில் ஒட்டிய சேறு

கிளிக்கு மூக்கு அழகா, கண் அழகா என்று அரசவையில் காலையிலிருந்து வாதம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு வேறு என்ன வேலை? அந்த நேரத்தில்தான் ஏரி காக்கும் செம்பன் முழங்கால்வரை சேற்றோடு உள்ளே வந்து நின்றார்.

"பெரிய ஏரிக்கரை உள்ளுக்குள்ள கரையுதுங்க. நூறு ஆள் வேணும். இன்னைக்கே வேணும்."

அவைப் புலவர் திருமேனி எழுந்தார். நாற்பது வயது. நாக்கை வைத்தே பிழைத்து வந்தவர்.

"மன்னா, நூறு ஆள் எதற்கு? இவர் காலில் இருக்கும் சேற்றை வழித்தெடுத்தாலே ஒரு கரை கட்டிவிடலாமே."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே சோறு தின்கிற கூட்டம் அது, அதுவும் சிரித்தது. திருமேனியின் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது. செம்பன் கும்பிட்டுவிட்டு வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சால்வையின் மடிப்புக் கலையாமல் திருமேனி நேரே தம் குருவிடம் போனார். குரு நங்கையம்மை ஏரிக்குக் கீழே குடிசை போட்டு இருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "தாயே, இனி எனக்கு முன்வரிசை கிடைக்குமா?" என்று கேட்டார்.

"ஆள் கொடுத்தார்களா?"

"யாருக்கு?"

நங்கையம்மையின் முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் அப்படியொரு கோபத்தை அவர் கண்டதில்லை.

"எழுந்திரு" என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

ஏரியில் செம்பன் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். கரையில் விழுந்த ஓட்டையை முதுகால் அடைத்திருந்தார். உதடு வெளுத்துப் போயிருந்தது. மேலேயிருந்து அவர் மனைவி ஒற்றை ஆளாய்க் கூடை கூடையாக மண் கொட்டிக்கொண்டிருந்தாள். கரைக்கு அந்தப் பக்கம் மூன்று ஊர் இருந்தது, கதிர் முற்றிய வயலும் இருந்தது.

"செம்பா, போய் மூன்று ஊரையும் கூட்டி வா. உன் இடத்தில் இவன் நிற்பான்."

திருமேனி சால்வையைக் கழற்றப் போனார்.

"அதோடேயே இறங்கு" என்றாள் அம்மை.

இறங்கினார். செம்பன் அவர் தோளைப் பிடித்து ஓட்டைமேல் நிறுத்தினார். தண்ணீர் அவரைப் பின்னால் இழுத்தது.

"காலை அகட்டி ஊனிக்கோங்க ஐயா. இடது பக்கம் மண்ணு இளகியிருக்கு. முதுகை மட்டும் எடுத்துடாதீங்க."

கேலி இல்லை, குத்தல் இல்லை. திருமேனிக்கு அதுதான் பொறுக்கவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டார். செம்பன் ஈரத்தோடு ஊரை நோக்கி ஓடினார்.

நனைந்த சால்வை கழுத்தை இறுக்கியது. குளிரில் பல் கிட்டியது. முதுகுக்குப் பின்னால் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது அவருக்குத் தெரிந்தது.

"தாயே, எவ்வளவு நேரம் இப்படி நிற்க வேண்டும்?"

அம்மை மண்ணை வாரிக் கூடையில் போட்டாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அரண்மனை சிரித்து முடிக்கிற வரைக்கும்."