நடு இருக்கை

கடைசி ஆளாகப் பஸ்ஸில் ஏறிய டெல்வின், உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிவிட்டான்.

பஸ் அவனை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போயிற்று. சிவப்புப் புழுதி அடங்கும்வரை நின்றான். பிறகு அங்கிள் க்ளைவின் அறைக் கதவைத் தட்டினான்.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் அந்த இரும்புச் சுரங்கத்தில், பழங்குடிப் பிள்ளைகளுக்குத் துணையாகக் கம்பெனி அமர்த்தியிருந்த கிழவர் அவர். எப்போதாவது வந்து முகாமில் சில நாள் தங்குவார். எல்லாருக்கும் அங்கிள்.

கிழவர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

“பஸ் போயிடுச்சே.”

“போகட்டும். நான் ஊருக்குப் போறேன் அங்கிள்.”

புதிதாக வந்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அவர்கள் இனத்து ஆள்தான். வயதில் அவனைவிடச் சிறியவர், ஆனால் மாமியார் முறை. அவர்கள் வழக்கப்படி அவர் முகத்தை அவன் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. பஸ்ஸோ ஒன்றுதான்.

மூன்று தரம் பஸ்ஸை விட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இது இரண்டாவது தரம். காரணத்தை ஒருநாள் கேன்டீனில் சொல்லிப் பார்த்தான். கல்யாணம் ஆவதற்குள்ளேயே மாமியாருக்குப் பயந்தவன் நீதானடா என்று மேஜையே சிரித்தது.

“அதுகூடப் பரவாயில்ல அங்கிள். இந்த முகாம்ல எத்தனை நூறு பேர் இருக்காங்க. நீங்க போயிட்டா நம்ம பாஷை தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்ககிட்ட நான் வாயைத் திறக்க முடியாது.”

கிழவர் அடுத்த ஷூவை எடுத்தார்.

“அவங்க யார்கிட்ட பேசுவாங்க?” என்றார்.

டெல்வின் அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அங்கிள் க்ளைவ் கடைசி வரிசையின் நடு இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இடது ஜன்னல் ஓரத்தில் அந்தப் பெண், முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு. கிழவர் வலது ஓரத்தைக் காட்டினார். டெல்வின் உட்கார்ந்து தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டான். நடுவில் அவருடைய அகலத் தொப்பி.

வழியில் கிழவர் தங்கள் பாஷையில், ஊர் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சற்றுப் பொறுத்து ஒரு தணிந்த குரல், மீன் ஏறியிருக்குமா என்று அங்கிளைக் கேட்டது.

அம்மா பிடித்தாளாம் என்று டெல்வின் அங்கிளிடம் சொன்னான்.

மற்றவர்கள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

கிழவர் இருந்த நாளெல்லாம் அப்படியே போயிற்று. பிறகு விமானம் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த காலை டெல்வின் படியில் ஒரு காலை வைத்து நின்றான். டிரைவர் ஹாரனைத் தட்டினார்.

நடு இருக்கையில் அங்கிளின் தொப்பி மட்டும் இருந்தது.

ஏறினான். தன் ஓரத்தில் உட்கார்ந்தான். முன்னால் இடம் கிடைக்காத ஒருவன் வந்து தொப்பியை எடுக்கப் போனான்.

“ஆள் இருக்கு” என்றான் டெல்வின்.

வந்தவன் தொப்பியைப் பார்த்தான், இவனைப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

டெல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அங்கிள், ஆத்துல தண்ணி வடியுதாம்” என்றான், தொப்பியிடம்.



பஸ் தார்ச் சாலையை விட்டு இறங்கிக் குலுங்கியது. தொப்பி நழுவித் தரையில் விழுந்து, காலடிகளுக்கிடையில் போய்க் கிடந்தது. குனிந்தால் அந்தப் பெண்ணுக்கு மிகவும் அருகில் போக வேண்டியிருக்கும். அவரும் அசையவில்லை. சுரங்கம் வரும்வரை அது அங்கேயே கிடந்தது.

அன்று முழுக்க லாரியில் தனியாக மண்ணை ஏற்றினான், கொட்டினான். ரேடியோவில் அவனை லாரி எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வேலையை விடுவதாகச் சாயந்திரம் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

சாயந்திரம் பஸ்ஸில் அந்தப் பெண் முன்பே வந்து கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தொப்பி நடு இருக்கையில் இருந்தது. புழுதியைத் தட்டித் துடைத்திருந்தது. அதன் மேல் சீட் பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது.

டெல்வின் உட்கார்ந்து தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.